காசைப் போடுமுன் தேடிப் பார்ப்போம்

இம்முறை பாடம் நம் கையில் இருக்கும் போனைப் பற்றியது. போன் இப்போது அநேகமாக எல்லா லயத்திலும் இருக்கிறது. கொழும்புக் கடையில் நிற்கும் மகன் கொண்டுவந்து கொடுத்ததோ, வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பியதோ, ஏதோ ஒன்று. அதில் பாட்டுக் கேட்கிறோம், நாடகம் பார்க்கிறோம், காலையில் வட்ஸ்அப்பில் பூப் படம் அனுப்புகிறோம். அதே போனில் ஒரு சிறு தொழிலைப் பற்றி விசாரித்து அறியலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் என்ன எழுதித் தேடுவது, வந்ததில் எதை நம்புவது என்று புரியாமல் விட்டுவிடுகிறோம்.

ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறோம். பேரும் தோட்டமும் வேண்டாம். அந்த அக்காவுக்கு ஐம்பது வயது முடிந்தது. பெண்கள் ஐம்பது வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து எடுத்த காசு. அது கைக்கு வந்த மாதமே பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. "காளான் பைகளை எங்களிடம் வாங்குங்கள். வீட்டு அறையிலேயே வளர்க்கலாம். ஒரு பையில் ஒரு கிலோ கிடைக்கும். கிலோ 600 ரூபாவுக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம். பத்து வருட அனுபவம்." ஒரு பை 200 ரூபா. குறைந்தது 500 பை எடுக்க வேண்டும். ஒரு லட்சம் போட்டால் மூன்று லட்சம் வரும் என்று வீட்டு அண்ணன் கணக்குப் போட்டுவிட்டார்.

அக்கா எங்களிடம் வந்தது யோசனை கேட்க அல்ல. படிவத்தை நிரப்பித் தரச் சொல்லித்தான் வந்தார்.

"நிரப்பலாம் அக்கா. ரெண்டு மூணு நாள் மட்டும் பொறுங்க. கொஞ்சம் தேடிப் பாத்துட்டு நிரப்புவோம்."

"தேடுறதுக்கு என்னாங்க மிஸ் இருக்கு? அதான் போன்லயே போட்டிருக்கே."

அந்தக் காலத்தில் "பேப்பர்லயே போட்டிருக்கு" என்பார்கள். இப்போது போன். போனில் போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. விற்கிறவரும் போடலாம், ஏமாற்றுகிறவரும் போடலாம், நல்ல மனதோடு தெரியாததைச் சொல்கிறவரும் போடலாம். அக்காவின் கோபத்தைப் பார்க்காமல் மூன்று மாலை அவர் வீட்டில் உட்கார்ந்தோம். பத்தாம் ஆண்டு படிக்கும் மகள்தான் போனைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் மாலை: கேட்டது ஒன்று, வந்தது வேறு

மகள் முதலில் "காளான் வளர்ப்பு லாபம்" என்று தமிழில் எழுதியது. தமிழ் எழுத்து அடிக்கக் கஷ்டமானவர்கள் கூகுளில் மைக் படத்தை அழுத்தித் தமிழிலேயே பேசலாம். தேவையானால் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் பேசும் மாதிரி பேசினால் சில சொல் பிழையாக விழும். பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி நிறுத்திப் பேசினால் பிழை குறையும்.

வந்தது எல்லாம் இனிப்பு. மாதம் ஐம்பதாயிரம் லாபம், ஒரே அறையில் லட்சாதிபதி என்று வரிசையாக வந்தது. "பாத்தீங்களா மிஸ்" என்றார் அக்கா.

இங்கேதான் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கூகுள் என்பது நமக்கு நல்லது கெட்டது சொல்லும் பெரியவர் அல்ல. நாம் கொடுக்கும் சொற்களுக்குப் பொருந்துகிற பக்கங்களைப் பொறுக்கி எடுத்து முன்னால் வைக்கும் ஒரு யந்திரம். லாபம் என்று கேட்டால் லாபம் என்று எழுதியிருக்கும் பக்கங்களே அதிகம் வரும். சாமியாடியிடம் போய் "எனக்கு நல்ல காலம் எப்ப?" என்று கேட்டால் அவர் நல்ல காலத்தைப் பற்றித்தானே சொல்லப்போகிறார்.

மேலே முதலாவதாக வருவதுதான் சரியானது என்றும் நினைக்க வேண்டாம். சில நேரம் மேலே இருப்பது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பக்கத்தில் ஆங்கிலத்தில் "ஸ்பொன்சர்ட்" என்று சின்னதாக எழுதியிருக்கும். அந்தச் சொல்லின் வடிவத்தைப் பிள்ளையிடம் கேட்டு அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இன்னொன்றும் வருகிறது. சில கேள்விகளுக்குக் கூகுள் பல பக்கங்களைக் கலந்து தானே ஒரு விடையை எழுதி மேலே காட்டுகிறது. ஏ.ஐ. விடை என்பார்கள். வாசிக்க நன்றாக இருக்கும், அழகாகவும் இருக்கும், பிழையாகவும் இருக்கும். அதில் ஒரு தொகையோ அளவோ இருந்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பக்கத்திலோ கீழேயோ இருக்கும் இணைப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொப்பியில் எழுத வேண்டும்.

அடுத்தது ரூபா. மகள் ஒரு பக்கத்தைத் திறந்து, "அம்மா, கிலோ இருநூறுன்னு போட்டிருக்கு. இங்க அறுநூறு குடுக்குறாங்களே" என்று சந்தோஷப்பட்டது. அந்தப் பக்கம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காரர் எழுதியது. அவர் சொன்னது இந்திய ரூபா. ஒரு இந்திய ரூபாவுக்கு நம் காசு மூன்று ரூபாவுக்கு மேல். தமிழில் தேடும்போது வருவதில் பெரும் பகுதி தமிழ்நாட்டிலிருந்துதான் வரும். அங்கே மானியம் உண்டு, இந்த வங்கிக் கடன் உண்டு என்று சொல்வது அங்குள்ளவர்களுக்கு. அவர்கள் வெயிலும் வேறு, வைக்கோலும் வேறு. தொழில்முறையைப் படிக்க அந்தப் பக்கங்கள் நல்லவைதான். பலர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் விலையையும் உதவித் திட்டத்தையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது.

அதனால் தேடும் சொல்லோடு "இலங்கை" என்று சேர்த்தோம். பக்கங்கள் குறைந்தன. பிறகு மகள் சிங்களத்தில் எழுதிப் பார்த்தது. காளானுக்குச் சிங்களத்தில் "பிம்மல்" என்றும் "ஹத்து" என்றும் சொல்வார்கள். அதைப் போட்டவுடன் நம் நாட்டுப் பக்கங்களும், நம் நாட்டில் வளர்ப்பவர்களின் வீடியோக்களும் வந்தன. இதைப் பல பேர் செய்வதில்லை. நம் சந்தை மூன்று மொழியில் நடக்கிறது. தேடலை மட்டும் ஒரு மொழியில் நிறுத்திவிடுகிறோம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலோ அடுத்த காம்பராவிலோ இருக்கும். கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஒரு சின்ன வேலை: இன்று இரவு "தையல் மெஷின் விலை" என்று தேடுங்கள். பிறகு அதோடு "இலங்கை" சேர்த்துத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

திகதியையும் பார்க்க வேண்டும். ஒரு வீடியோவில் இலங்கைக்காரர் ஒருவர் மரத்தூள், பை, தவிடு என்று செலவுக் கணக்கை அழகாகப் போட்டிருந்தார். மகள் எழுதத் தொடங்கியபோது திகதியைப் பார்த்தோம். 2020. அதன் பிறகு நம் நாட்டில் என்ன நடந்தது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. அதற்கு முந்திய கணக்கு எதுவும் இன்றைக்கு உதவாது. தேடல் பக்கத்தில் "டூல்ஸ்" என்ற இடத்தைத் தொட்டால், கடந்த ஒரு வருடத்துக்குள் வந்தவற்றை மட்டும் காட்டு என்று கேட்கலாம்.

இரண்டாம் மாலை: எதிர்க் கேள்வி

இரண்டாம் நாள் அக்கா தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அன்று லாபத்தைத் தேடவில்லை. "காளான் வளர்ப்பு நட்டம்", "காளான் பை பழுதாவது ஏன்", "காளான் விற்க முடியவில்லை", "காளான் அறை இருமல்" என்று தேடினோம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போனால் மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்போமா? பக்கத்து லயத்தில்தானே கேட்போம்! அதே வேலைதான் இது.

வந்தவற்றில் மூன்று விடயம் அண்ணனைக் கதவு நிலையிலிருந்து உள்ளே வந்து உட்கார வைத்தது.

ஒன்று, பச்சைப் பூஞ்சணம். மரத்தூளைப் பையில் அடைத்து, பீப்பாயில் வைத்து மணிக்கணக்காக ஆவியில் அவித்து, கிருமி போன பிறகுதான் காளான் வித்துப் போடுகிறார்கள். அவித்தது போதாவிட்டால், அல்லது பிறகு அழுக்குக் கை பட்டால், பைக்குள் பச்சை பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பையைத் தூக்கி எறிய வேண்டும். பக்கத்துப் பைக்கும் பரவும். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு, இருமல். சிப்பிக் காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூளை விடுகிறது. மூடிய அறையில் அதை நாள்கணக்காகச் சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சடைப்பு வரலாம், நுரையீரலையே பாதிக்கலாம். இது மருத்துவர்கள் அறிந்து எழுதியிருக்கும் விடயம். விளம்பரம் "வீட்டு அறையிலேயே" என்கிறது. நம் வீட்டில் அறை எத்தனை? படுக்கிற காம்பரா, அதை ஒட்டி அடுப்படி. அந்த அக்கா வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு. அக்கா பேசாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது எடைக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் கிடைத்த ஒரு தகவலை நம் கையிலிருக்கும் விளம்பரத்தோடு வைத்து உரசிப் பார்ப்பது எப்படி என்று இதில் தெரியும்.

காளான் செய்கையில் விளைச்சலை அளக்க ஒரு முறை இருக்கிறது. காய்ந்த மரத்தூள் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ பச்சைக் காளான் வந்தால் அதை நூறு வீதம் என்கிறார்கள். அது மிக நல்ல விளைச்சல். விளம்பரத்தில் காட்டிய பையின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அது நனைந்த தூள். அதில் அறுபது வீதத்துக்கு மேல் தண்ணீர்! காய்ந்த தூள் என்று பார்த்தால் சுமார் 400 கிராம்தான் இருக்கும். ஆகவே எல்லாம் நூறு வீதம் சரியாக நடந்தாலும் அந்தப் பையிலிருந்து 400 கிராம் அளவில் காளான் வரும். ஒரு கிலோ எங்கிருந்து வரும்?

மகள் கொப்பியில் கணக்குப் போட்டது. 500 பையில் 400 கிராம் வீதம் 200 கிலோ. கிலோ 600 ரூபா என்றால் 120,000. போட்ட காசு 100,000. மிச்சம் 20,000. இதற்காக மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளித்து, பறித்து, துப்புரவாக்க வேண்டும். 400 வராமல் 300 கிராம் வந்தால் 150 கிலோ, 90,000 ரூபா. கைக்காசில் பத்தாயிரம் போய்விடும். அதற்குள் ஐம்பது பை பச்சை பிடித்தால் 81,000.

"மூணு லட்சம்னு சொன்னது?" என்றார் அண்ணன்.

யாரும் பதில் சொல்லவில்லை.

அரசாங்கப் பக்கங்களை மட்டும் தேட ஒரு வழி இருக்கிறது. தேடும் சொல்லை எழுதி, ஒரு இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் எஸ், ஐ, டீ, ஈ என்ற நான்கு எழுத்தும், உடனே முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளியும், இடைவெளி விடாமல் ஜி-ஓ-வி, புள்ளி, எல்-கே என்றும் போட வேண்டும். நம் நாட்டு அரசாங்கப் பக்கங்கள் அந்த எழுத்துகளில்தான் முடியும். விவசாயத் திணைக்களத்தின் பக்கத்தை மூன்று மொழியிலும் திறக்கலாம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அரசாங்கப் பக்கங்களில் தமிழ்ப் பகுதி பல நேரம் மெலிந்துதான் இருக்கிறது. சிங்களத்தில் பத்து வரி இருந்தால் தமிழில் மூன்று வரி. அது நம் குறை அல்ல. அங்கே தேடிக் கிடைக்காவிட்டால் 1920 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது. தமிழில் பேச வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அக்கா எடுத்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் தடுமாறவில்லை. தேடிப் பார்த்த பிறகு கேட்கும் கேள்விக்கும், ஒன்றும் தெரியாமல் கேட்கும் கேள்விக்கும் வித்தியாசம் இருக்கிறது. "காளான் வளக்கலாமா?" என்று கேட்டால் வளர்க்கலாம் என்பார்கள். "நம்ம பக்கம் குளிர், எந்த வகை சரி வரும், ஒரு பைக்கு எத்தனை கிராம் எதிர்பாக்கலாம்?" என்று கேட்டால் மறுபக்கத்தில் இருப்பவரும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்.

மூன்றாம் மாலை: விற்கிறவர் யார்?

தொழிலைப் பற்றித் தேடியாயிற்று. இனி ஆளைப் பற்றி.

விளம்பரத்தில் இருந்த போன் இலக்கத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினோம். இரண்டு மேற்கோள் குறிக்கு நடுவில் எழுதினால் அந்தச் சொற்கள் அல்லது இலக்கம் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத்தான் கூகுள் தேடும். வேறு பெயரில் வேறு வியாபாரம் அதே இலக்கத்தில் நடந்திருந்தால் சில நேரம் இப்படி அகப்படும். பேரோடு "மோசடி", "ஏமாற்று" என்றும், சிங்களத்தில் "வஞ்சாவ" என்றும் சேர்த்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராவிட்டால் நல்லவர் என்று அர்த்தமில்லை. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு எழுதாமல் இருக்கலாம். புதிய ஆளாகவும் இருக்கலாம்.

அதனால் பேஸ்புக் பக்கத்தின் வயதைப் பார்த்தோம். ஒரு பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு வேறு பெயரில் இருந்ததா என்பதை அந்தப் பக்கத்தின் விபரப் பகுதியில் பேஸ்புக்கே காட்டும். பத்து வருட அனுபவம் என்று சொன்ன பக்கம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய ஆள் புதுப் பக்கம் தொடங்கக் கூடாதா என்றால் தொடங்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கூடிவிட்டது.

பிறகு "எமது பண்ணை" என்று போட்டிருந்த படம். வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாகப் பைகள். படத்தை வைத்துத் தேடும் வசதி கூகுளில் உண்டு. லென்ஸ் என்று பெயர். படத்தை அதற்குக் கொடுத்தால் அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்தப் படம் வெளிநாட்டுப் பக்கங்களில் பல வருடங்களாக இருந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

கம்பனி என்று சொல்கிறவர்களைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு வேண்டாம். ஆனால் தனியாள் நடத்தும் சிறு வியாபாரங்கள் அங்கே இருக்காது. நம் மலையகப் பக்கங்களில் அவை பிரதேச செயலகத்தில் பதியப்படும். பதிவு இருப்பதால் மட்டும் ஆள் நேர்மையானவர் என்றும் ஆகாது. கடையில் பலகை இருப்பதும் தராசு சரியாக இருப்பதும் வெவ்வேறு விடயம்.

"இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்குக் கமிஷன்" என்று யாராவது சொன்னால், அது வேறு சாதி ஏமாற்று. பிரமிட் திட்டம் என்பது அதுதான். ஆள் சேர்த்து ஆள் சேர்த்துக் காசு எடுக்கும் அந்த முறை நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின்படி குற்றம். அப்படித் தடைசெய்யப்பட்டவை என்று தீர்மானித்த நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. உங்கள் லயத்துக்கு நல்ல உடுப்பும் கைப்பையுமாக யாராவது வந்து பேசினால், தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துவிட்டு அந்தப் பட்டியலைத் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகக் காசைக் கொடுத்துவிட வேண்டாம். நேற்றுத் தொடங்கியது இன்று பட்டியலில் வராது.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் படிவத்தை வாசித்தோம். முதலிலேயே வாசித்திருக்க வேண்டியது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: தரம் பார்த்தே திரும்ப வாங்கப்படும். தரத்தை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த வரியின் அர்த்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாங்குபவர்களைத் தேடுதல்

கூகுள் மெப்பைப் பாதை கேட்க மட்டும் வைத்திருக்கிறோம். அதில் பக்கத்து டவுனின் பெயரைப் போட்டு, சாப்பாட்டுக் கடை, ஹோட்டல், சுப்பர் மார்க்கெட் என்று தேடினால் கடைகள் வரைபடத்தில் வரும். பலவற்றுக்குப் போன் இலக்கம் இருக்கும். அக்கா வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் பதினொரு இடத்தை மகள் எழுதி எடுத்தது. ஏழு இடத்துக்குப் பேசினோம். மூன்று பேர் காளான் வாங்குவதில்லை என்றார்கள். இரண்டு இலக்கம் வேலை செய்யவில்லை. மெப்பில் இருக்கும் கடை நேரில் இருக்க வேண்டும் என்பதில்லை, பூட்டிப் போன கடையும் கிடக்கும். மிச்சம் இரண்டு பேர் "கொண்டாங்க, பாப்போம்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அண்ணனும் டவுனுக்குப் போய்ச் சந்தையில் காளான் என்ன விலை, பெட்டியில் எத்தனை கிராம், எப்போது வந்தது, வாடினால் என்ன செய்வார்கள் என்று நின்று கேட்டு வந்தார்கள். விலையை இங்கே எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வரும்போது மாறியிருக்கும்.

இணையத்தில் ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் "கூகுள் ட்ரென்ட்ஸ்" என்ற வசதியும் உண்டு. படித்தவர்கள் அதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அது காட்டுவது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நூறுக்குள் ஒப்பிட்ட ஒரு அளவு மட்டுமே. நம் டவுனில் எத்தனை பேர் காளான் வாங்குவார்கள் என்பதற்கு அதைவிடச் சந்தைக் கடைக்காரரின் வாய் மேல் என்பது எங்கள் எண்ணம்.

மரக்கறி போடுபவர்களுக்கு வேறு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஹெக்டர் கொப்பேகடுவ ஆராய்ச்சி நிலையமும் மத்திய வங்கியும் உணவுப் பொருட்களின் சந்தை விலைகளைத் தங்கள் பக்கங்களில் வெளியிடுகின்றன. மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் புறக்கோட்டையிலும் தம்புள்ளையிலும் போஞ்சி, கரட், கோவா, தக்காளி என்ன விலை என்று பார்க்கலாம். லொறிக்காரர் "கோவா விழுந்துபோச்சு" என்று சொல்லும்போது, உண்மையிலேயே விழுந்ததா என்று அவர் முன்னாலேயே போனை எடுத்துப் பார்ப்பது ஒரு தனிச் சுகம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வீடியோ டேட்டாவைத் தின்னும். எழுத்துப் பக்கம் கொஞ்சந்தான் எடுக்கும். முதலில் எழுத்தில் தேடுங்கள். கையால் செய்து காட்டினால்தான் விளங்கும் விடயத்துக்கு மட்டும் வீடியோ பாருங்கள். தேடுவதற்கு அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டை இலக்கம், போனுக்கு வரும் இரகசிய எண் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் இவற்றைக் கேட்டால் அதை மூடிவிடுங்கள். பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன தேடினோம், யார் சொன்னது, எந்த வருடம். எழுதாமல் பார்த்தால் அடுத்த நாள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, கடைசியாகப் பார்த்தவர் சொன்னது மட்டும் மனதில் நிற்கும்.

படிவம் நிரப்பப்படவில்லை. அதற்காக அண்ணன் எங்களோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே டிவிசனில் இன்னொருவர் 500 பை எடுத்துவிட்டார். அவருக்கு நல்லபடியாக நடக்கட்டும்.

அக்கா தொழிலை விடவில்லை. சிங்களத்தில் தேடியபோது அகப்பட்ட ஒருவர் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் காளான் வளர்க்கிறார். அவர் இடத்தைப் போய்ப் பார்த்து, அவரிடமே 20 பை வாங்கி வந்தார். காம்பராவுக்குள் வைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் பழைய கோழிக் கூட்டைத் திருத்தி, சாக்குக் கட்டி வைத்தார். அப்படி ஒரு கொட்டில் போடத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்பதை எந்தக் கூகுளும் சொல்லாது. பெரிய கிளாக்கர்தான் சொன்னார். மூன்று பை பச்சை பிடித்துப் போயிற்று. மற்ற 17 பையில் எல்லாமாக ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கால் கிலோ கால் கிலோவாக லயத்திலும், பாடசாலை டீச்சர்மாருக்கும், டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் கொடுத்தார். கடைக்காரர் கிழமைக்கு இரண்டு தரம் கொண்டுவரச் சொல்கிறார். ஒன்றரைக் கிலோவுக்காக இரண்டு தரம் பஸ்ஸுக்குக் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

போன கிழமை நாங்கள் போனபோது மகள் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பியிருந்தது. மேலே எழுதியிருந்தது: "காளான் காய வைத்து விற்பது - இலங்கை. மழைக் காலத்தில் எப்படி? பழுதானால் எப்படித் தெரியும்? யார் வாங்குவார்கள்?"